ஆயிரத்து நூற்றிருபது காதுக்கற்கள்

அக்டோபர் 9

இன்று இருபத்தாறு கல். கழுத்து இடதுபக்கம் திரும்ப மறுக்கிறது. பேருந்தில் பின்சீட்டு அம்மாள் ஏதோ கேட்டதற்கு மொத்த உடம்போடு திரும்பினேன். அவர் பயந்துபோய் "ஒண்ணுமில்லம்மா" என்று ஜன்னல் பக்கம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

கல் என்றால் மீனின் காதுக்குள் இருக்கும் கல். அரை அரிசி அளவுதான். அதைக் குறுக்கே அறுத்து, மெல்லிசாகத் தேய்த்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் வளையம் வளையமாகத் தெரியும். ஒரு வளையம் ஒரு வயது. பதினாலு மாதமாக இதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். நாளைப் பின்னே நானே இந்த நோட்டைப் படித்துவிட்டு 'இவளுக்கு வேற வேலை இல்லையா' என்று கேட்டால் பதில் இருக்கட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

வேறு வேலை இருந்தது. இரண்டாம் வருடம் அப்பா படுத்தார். ஏழு மாதம் கழித்துப் போனார். அந்த வருட மதிப்பெண் பட்டியலை நான் யாருக்கும் மடிப்புப் பிரித்துக் காட்டியதில்லை. இரண்டு பாடத்தில் தோல்வி, மூன்றில் தப்பிப் பிழைத்தேன். மேற்படிப்புக்கு விண்ணப்பித்தால் முதலில் போய் நிற்கப்போவது அந்தப் பட்டியல்தான். அதற்கு முட்டுக்கொடுக்க என்னிடம் இருப்பது இந்த லேப் ஒன்றுதான். மூன்று இடத்துக்கு அனுப்பப்போகிறேன். டிசம்பர் பதினைந்து கடைசித் தேதி. "ஆராய்ச்சி அனுபவம் இருந்தா மார்க்கை யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க" என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் எல்லோரும் நல்ல மார்க் வாங்கினவர்கள்.

அக்டோபர் 14

சாரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டேன். பேராசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "எனக்குத் தலைக்கு மேல வேலை. நீயே எழுதிக் கொண்டா. பார்த்துக் கையெழுத்துப் போடறேன். கூச்சப்படாம எழுது" என்றார்.

எல்லோருக்கும் இப்படித்தானாம். அக்கா சொன்னார். அக்கா என்றால் லேபில் முனைவர் பட்டத்துக்கு ஐந்தாவது வருடம் ஓட்டிக்கொண்டிருப்பவர். எனக்கு மைக்ராஸ்கோப்பைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். இந்தக் கல் எல்லாம் அவருடைய ஆய்வுக்குத்தான். இந்த மீன் எந்த வயதில் முதல் முட்டை போடுகிறது என்று கண்டுபிடித்தால், எந்த அளவுக்குக் கீழே பிடிக்கக்கூடாது என்று மீன்துறைக்காரர்கள் சட்டம் போடுவார்கள்.

சாயங்காலம் கடிதம் எழுத உட்கார்ந்தேன். 'இவர் கடின உழைப்பாளி.' அழித்தேன். 'இவர் மிகுந்த ஆர்வமுடையவர்.' அழித்தேன். பழைய ஸ்கூட்டரை விற்க விளம்பரம் எழுதுவதுபோல் இருக்கிறது. நல்ல நிலையில் உள்ளது, ஒரே கை, நேரில் பார்த்து முடிவு செய்யவும்.

அக்டோபர் 17

'இவர்.' அதற்குமேல் வரவில்லை.

அக்டோபர் 21

கடிதம் ஒருவழியாக முடிந்தது. எண் கிடைத்ததும் மீதி தானாக வந்தது.

எங்கள் வேலையில் ஒரு விதி. ஒவ்வொரு கல்லையும் இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும். ஒருத்தர் எண்ணினது இன்னொருத்தருக்குத் தெரியக்கூடாது. மீன் எவ்வளவு நீளம் என்பதும் தெரியக்கூடாது. நானும் அக்காவும் பக்கத்துப் பக்கத்து மேஜை. நான் பார்த்த தகட்டைத் தட்டில் வைப்பேன், அக்கா எடுத்துப் பார்ப்பார். அவரவர் நோட்டு அவரவர் இழுப்பறையில், பூட்டி. சாவிகூடத் தனித்தனி. மாதக் கடைசியில் இரண்டு நோட்டையும் நான்தான் கணினியில் ஏற்றி, எத்தனை ஒத்துப்போகிறது என்று பார்ப்பேன்.

இதுவரை தொள்ளாயிரத்து நாற்பது கல். ஒத்துப்போனது நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு.

சார் இந்த எண்ணைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். மற்ற இடங்களில் எண்பது வந்தாலே கொண்டாடுவார்களாம். கட்டுரை எழுதி முடித்தாயிற்று. அக்கா பெயர் முதலில், என் பெயர் இரண்டாவதாக. நவம்பர் கடைசியில் பத்திரிகைக்கு அனுப்பினால், விண்ணப்பத்தில் 'வெளியீடுகள்' என்ற கட்டத்தில் நான் ஒரு வரி எழுதலாம். கடிதத்தில் எழுதிவிட்டேன்: 'இளநிலை மாணவி ஒருவர் அனுபவமுள்ள ஆய்வாளருடன் 94 சதவீதம் ஒத்துப்போவது நான் இதுவரை காணாதது.' சார் படித்தார், தலையாட்டினார், கையெழுத்துப் போட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அக்டோபர் 23

எங்கள் அறையில் கூரை ஒழுகுகிறது. சரியாக அக்காவின் தலைக்கு மேல். வாளி வைத்தால் வாளிச் சத்தம், துணி வைத்தால் துணி நாற்றம். அக்கா மைக்ராஸ்கோப்பைக் குழந்தைமாதிரி தூக்கிக்கொண்டு நடையின் அந்தக் கோடியிலிருக்கும் சாமான் அறைக்குப் போய்விட்டார். மீதி நூற்றெண்பது கல்லை அங்கேயே பார்க்கிறாராம். தட்டை நான் கொண்டுபோய் வைத்துவிட்டு வர வேண்டும்.

எனக்கென்ன, நடந்தால் கழுத்துக்கு நல்லது.

நவம்பர் 6

கடைசி நூற்றெண்பதும் முடிந்தது. இரண்டு நோட்டையும் ஏற்றினேன். அறுபத்தொன்று.

தப்பாக ஏற்றியிருப்பேன்.

நவம்பர் 7

தப்பாக ஏற்றவில்லை. மூன்று தடவை பார்த்துவிட்டேன். வரிசை மாறவில்லை, எண் மாறவில்லை. அதே மீன், அதே கடல், அதே வருடம். தேய்த்ததும் நான்தான். எனக்குத்தான் கண் போய்விட்டதா? பழைய கல் ஐம்பதை எடுத்துத் திரும்ப எண்ணினேன். என்னுடைய பழைய எண்ணும் புது எண்ணும் நாற்பத்தாறு இடத்தில் ஒன்று. கண் இருக்கிறது.

அப்படியானால் அக்காவுக்கா? அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவர். சாமான் அறையில் வெளிச்சம் சரியில்லையோ என்னவோ.

இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

நவம்பர் 10

தெரிந்துவிட்டது. எழுதவே கை வரவில்லை.

லேபிலிருந்து படங்களைக் கணினியில் கொண்டுவந்து, வீட்டில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அடுத்த அறையில் தையல் கடைச் சட்டைகளுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள். கதவு பாதி சாத்தியிருந்தது. ஒரு கல்லில் எட்டாவது வளையம் உண்மையா பொய்யா என்று குழம்பிக்கொண்டிருந்தபோது அங்கிருந்து குரல்:

"ஏழா எட்டா? ஏதோ ஒண்ணுல முடிவுக்கு வாடி. அரை மணி நேரமா காது வலிக்குது."

"உனக்கெப்படித் தெரியும்?"

"நீதானே வாய்விட்டு எண்ணிட்டிருக்க. சின்ன வயசிலேர்ந்து இப்படித்தான். கணக்குப் போட்டா ஊருக்கே தெரியும்."

நான் வாய்விட்டு எண்ணுகிறேன். எனக்கே தெரியவில்லை. கணினியில் குரலைப் பதிந்து பார்த்தேன். 'மூணு... நாலு... இது பொய், விடு... அஞ்சு...' தெளிவாக, ஒவ்வொன்றாக. கடைசி எண்ணை இரண்டு தடவை வேறு சொல்கிறேன்.

பதினாலு மாதம் அக்கா என்னிடமிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தார். நான் வைத்த தகட்டை உடனே எடுத்துப் பார்த்தார். இழுப்பறைக்கு இரண்டு பூட்டு. என் வாய்க்கு ஒரு பூட்டுப் போட யாருக்கும் தோன்றவில்லை.

நவம்பர் 11

யோசித்துப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. ஒத்துப்போகும் கணக்கைப் பார்ப்பது நான் ஒருத்திதான். கடைசி நூற்றெண்பதையும் சேர்த்தால் மொத்தம் எண்பத்தெட்டு சொச்சம் வரும். அதுவே நல்ல எண்தான். கட்டுரை போகும். கட்டத்தில் ஒரு வரி வரும். நான் யாரையும் ஏமாற்றவில்லையே. என் எண்ணிக்கை என்னுடையதுதானே?

இதை எழுதும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது. நல்லா வக்கீல் மாதிரி எழுதறேன்.

நவம்பர் 12

தங்கப்பதக்கம் (எங்கள் வகுப்பில் முதல் ரேங்க், வேறு பெயரில் யாரும் கூப்பிடுவதில்லை) இன்று என்னைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு என்னப்பா, ரெண்டு வருஷ லேப் இருக்கு. எனக்கு வெறும் மார்க்குதான்" என்று பெருமூச்சு விட்டான். வெறும் மார்க்காம்.

நவம்பர் 15

அக்காவிடம் சொன்னேன். சார் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துச் சொன்னேன். முதலில் அவருக்குத்தான் தெரிய வேண்டும் என்று பட்டது.

சாமான் அறையில் உட்கார இடமில்லை. நின்றுகொண்டே சொன்னேன். அறுபத்தொன்று என்றேன். அம்மா சொன்னதைச் சொன்னேன். பதிந்த குரலைப் போட்டுக் காட்டினேன். என் குரல் அந்தச் சின்ன அறையில் 'ஆறு... ஆறு' என்று சொல்லி நின்றது.

அக்கா மைக்ராஸ்கோப் விளக்கை அணைத்தார். பிறகு, "நான் உன்னைப் பார்த்துக் காப்பியடிச்சேன்னு சொல்றியா?" என்றார்.

"இல்லக்கா."

"வேற என்ன சொல்ற?"

"உங்களுக்குக் கேட்டுச்சான்னு மட்டும்..."

"கேட்டுச்சான்னா? ஃபேன் சத்தம் கேக்குதுன்னு யாராவது உக்காந்து கேக்கறாங்களா? அது பாட்டுக்கு ஓடிட்டிருந்துச்சு." அப்புறம் குரல் இறங்கியது. "ஒரு கல்லுல ஏழா எட்டான்னு நிக்கும்போது ஏழுன்னு தோணும். ஏன் தோணுச்சுன்னு நான் யோசிச்சதே இல்ல."

அப்போது அவர் முகத்தைப் பார்த்திருக்கக் கூடாது. அழுகிறவரைப் பார்த்தால் ஏதாவது சொல்லலாம். அவர் அழவில்லை. நோட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். மார்ச்சில் ஆய்வேட்டைக் கொடுத்தால் ஏப்ரலில் அவருக்கு ஒரு வேலை காத்திருக்கிறது. நேர்முகம் முடிந்து, ஆர்டரும் வந்துவிட்டது. எனக்குத் தெரியும். ஸ்வீட் கொடுத்து முதலில் என்னிடம்தான் சொன்னார்.

"இன்னும் பத்து நாள் கழிச்சு உனக்கு இது தெரிஞ்சிருந்தா கட்டுரை போயிருக்கும்" என்றார்.

"ஆமாக்கா."

"போ. எனக்குத் தனியா இருக்கணும்."

நவம்பர் 18

சாரிடம் இரண்டு பேரும் போனோம். அக்காதான் பேசினார். ஒரு வார்த்தைகூட என் மேல் போடாமல் பேசினார், அதுதான் இன்னும் மோசம்.

சார் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை பேருக்குத் தெரியும்?"

"மூணு பேருக்கு" என்றேன். அம்மாவைச் சேர்க்கவில்லை.

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். மறுபடி போட்டார். மறுபடி கழற்றினார். அந்த நேரத்துக்கு அவர் என்ன சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேன் என்று நினைக்கிறேன். 'பேசாம இரு' என்றிருந்தால்கூட. அவ்வளவு களைப்பாக இருந்தது. நான் ஒன்றும் பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பெண் இல்லை.

"கட்டுரை போகாது" என்றார். "பழசுல முந்நூறு கல்லைக் குலுக்கி எடுங்க. வேற வேற அறையில உக்காந்து எண்ணுங்க. அதுவும் எழுபதைத் தாண்டலேன்னா மொத்தத்தையும் திரும்ப எண்ணணும்."

அக்கா, "அவ எண்ண வேணாம் சார். அவளோடது சரியாத்தான் இருக்கு. நான் மட்டும்தான் திரும்ப எண்ணணும்" என்றார். யோசித்தால் அது உண்மைதான். நான் முதலில் எண்ணினேன், கேட்டது அவர். வாய் பேசியவளுக்கு ஒன்றுமில்லை, காது இருந்தவருக்குத் தண்டனை.

"நானும் எண்ணறேன்" என்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் அக்கா தன் அறைப்பக்கம் போய்விட்டார். நான் என் அறைப்பக்கம் போனேன்.

டிசம்பர் 3

முந்நூறும் முடிந்தது. அறுபத்தாறு.

மொத்தத்தையும் திரும்ப எண்ண வேண்டும். மிச்சம் அறுநூற்று நாற்பது.

டிசம்பர் 9

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: 'உங்கள் ஆராய்ச்சி அனுபவம் உங்களை எவ்வாறு தயார்படுத்தியது? முந்நூறு சொற்களுக்குள்.'

முந்நூறு எதற்கு? 'வாயை மூடிக்கொண்டு எண்ண வேண்டும்.' நாலு சொல் போதும்.

'வெளியீடுகள்' கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். கட்டம் பெரிதாக இருக்கிறது. அந்த ஒற்றைச் சொல் அதில் அனாதையாக நிற்கிறது.

டிசம்பர் 12

பழைய கடிதம் செல்லாது. புதிதாக எழுதி சாரிடம் கொடுத்தேன். இந்தத் தடவை ஸ்கூட்டர் விற்கவில்லை. நடந்ததை எழுதினேன். முதலில் 94 என்று நம்பினோம், உண்மையில் 66, காரணம் இன்னது, இப்போது இன்னது செய்துகொண்டிருக்கிறோம். கடைசியில் 'இந்த மாணவியின் கவனக்குறைவால் தவறு நேர்ந்தது, அதை அவரே கண்டுபிடித்தார்' என்று முடித்திருந்தேன்.

சார் இந்தத் தடவை மெதுவாகப் படித்தார். பேனாவை எடுத்து 'இந்த மாணவியின் கவனக்குறைவால்' என்பதை அடித்தார். மேலே 'என் ஏற்பாட்டில் இருந்த குறையால்' என்று எழுதினார்.

"வாய் உன்னோடது. ரெண்டு மேஜையையும் பக்கத்துல பக்கத்துல போட்டது நான்தானே" என்றார்.

"நன்றி சார்" என்றேன். பிறகு, "இதைப் படிச்சா எடுத்துக்குவாங்களா சார்?" என்றும் கேட்டேன்.

"தெரியாது. நானா இருந்தா பழைய கடிதத்தைப் படிச்சுட்டுத்தான் எடுத்திருப்பேன்." பொய் சொல்லாத ஆள். சில சமயம் கொஞ்சம் சொன்னால் தேவலை.

டிசம்பர் 14

மூன்றும் அனுப்பியாயிற்று. தூக்கம்.

ஜனவரி 19

முதல் இடம் மறுத்துவிட்டது. மூன்று வரி. 'ஆராய்ச்சி அனுபவத்தை மேலும் வலுப்படுத்திக்கொண்டு மீண்டும் விண்ணப்பிக்கலாம்.' பத்து கல் அனுப்பி வைக்கட்டுமா, எண்ணிப் பாருங்கள்.

ஜனவரி 30

லேபில் இப்போது இப்படி: நான் ஒழுகும் அறையில், அக்கா சாமான் அறையில். தட்டைக் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்துவிட்டு இரண்டு தடவை தட்டுவேன். அவர் எடுத்துக்கொள்வார். நான் வாயில் பென்சிலைக் கடித்துக்கொண்டு எண்ணுகிறேன். பென்சில் எல்லாம் எலி கடித்ததுபோல் இருக்கின்றன. முன்பெல்லாம் மதியம் ஒரே டப்பாவில் இரண்டு பேரும் சாப்பிடுவோம். இன்று அவர் நடையில் எதிரே வந்தார். "முன்னூத்தி நாப்பதாவது தகட்டுல ஒட்டு சரியில்ல" என்றார். அவ்வளவுதான். ஒட்டினேன்.

பிப்ரவரி 11

இரண்டாவது இடத்திலிருந்து நேர்முகம். கணினியில். திரையில் மூன்று பேர், பேசியது ஒருவர் மட்டும். அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவி. கரகரவென்ற குரல், எதிரில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்தே பேசும் பழக்கம்.

"ரெண்டாம் வருஷம் என்ன ஆச்சு?"

சொன்னேன். இரண்டே வாக்கியம். அப்பாவை வைத்து இடம் வாங்குவதுபோல் ஆகிவிடக்கூடாது என்று முன்பே இரண்டு வாக்கியம் என்று முடிவு செய்திருந்தேன்.

"தொண்ணூத்தி நாலு எப்படி அறுபத்தாறு ஆச்சு?"

அதையும் சொன்னேன். அதற்குப் பத்து நிமிடம் ஆனது. அவர் தலை நிமிரவில்லை. திரும்பத் திரும்பக் குறுக்குக் கேள்வி. எத்தனை முழம் தள்ளி உட்கார்ந்தீங்க, ஃபேன் ஓடுச்சா, எந்த வயசு மீன்ல அதிகமா வித்தியாசம் வந்துச்சு. கடைசிக் கேள்வி மட்டும் எனக்குப் பிடித்தது. வயசான மீனில் என்றேன். விளிம்பில் வளையங்கள் நெருக்கமாக இருக்கும், அங்கேதான் மனசு அடுத்தவர் சொன்ன எண்ணைப் பிடித்துக்கொள்கிறது. ஆறு வயசுக்குக் கீழே எண்பதுக்கு மேல் ஒத்துப்போகிறது. பேசும்போதே கவனித்தேன், எனக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. 94 என்று நம்பியிருந்தபோது எந்தக் கல் கஷ்டம், எது சுலபம் என்றுகூட எனக்குத் தெரியாது. எல்லாமே சுலபம் என்று நினைத்திருந்தேன்.

"கட்டுரை எப்போ வரும்?"

"தெரியாதுங்க."

"ம்." அதோடு முடிந்தது.

மார்ச் 4

காத்திருப்போர் பட்டியல். இரண்டாவது பெயர் நான். காத்திருக்கிறதில் எனக்கு அனுபவம் உண்டு என்று எழுதலாமா?

மார்ச் 9

மூன்றாவது இடமும் இல்லை என்றுவிட்டது. தங்கப்பதக்கத்துக்கு அங்கேயே கிடைத்துவிட்டது. லேப் பக்கமே எட்டிப் பார்க்காதவன். வாழ்த்துச் சொன்னேன். மனசார இல்லை. இங்கே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

அம்மா, "அப்போ ரெண்டு வருஷம் மீனோட காதைக் குடைஞ்சதுக்குப் பலன் ஒண்ணும் இல்லையா?" என்றாள். நக்கலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். தெரியவில்லை என்றேன். அவள் என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

மார்ச் 27

அக்காவின் வேலை போய்விட்டது. ஆய்வேடு முடியாமல் காத்திருக்க முடியாதாம், வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். சார்தான் எனக்குச் சொன்னார். அக்கா சொல்லவில்லை. ஸ்வீட் கொடுத்துச் சொன்னவர் இதையும் என்னிடம் சொல்லியிருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. என்ன புத்தி எனக்கு.

சாமான் அறை வரைக்கும் போனேன். உள்ளே தகடு மாற்றும் சத்தம் கேட்டது. தட்டவில்லை. திரும்பி வந்து பதினெட்டுக் கல் எண்ணினேன்.

நான் சொன்னது சரிதான். அது எனக்குத் தெரியும். ஆனால் சரியானதைச் செய்துவிட்டு ஏன் திருடிமாதிரி நடையில் பதுங்கிப் பதுங்கி நடக்கிறேன்? இன்னொருத்தர் கணக்கில் நான் நல்லவள் ஆகிவிட்டேனோ? போதும்டா சாமி, யோசிக்க முடியல. கழுத்து வலிக்குது.

ஏப்ரல் 22

பத்து கல். தேர்வுகள்.

மே 13

கடைசித் தேர்வு முடிந்தது. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். நான் அப்படியே லேபுக்குப் போய்விட்டேன். எட்டுக் கல்.

மே 30

கல்லூரி அலுவலகத்தில் அடையாள அட்டையைத் திருப்பிக் கேட்கிறார்கள். சார் பேசி, 'தற்காலிக உதவியாளர்' என்று ஒரு காகிதம் வாங்கிக் கொடுத்தார். அம்மா அடுத்தது என்ன என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்தபோதே நன்றாக இருந்தது. தையல் கடையில் பில் போட ஆள் தேவையாம். சொல்லவில்லை. மேஜைமேல் அந்தக் கடையின் சீட்டை மட்டும் வைத்திருக்கிறாள்.

ஜூன் 11

மதியம் இரண்டு மணி. ஒழுகும் அறையில் தகடு துடைத்துக்கொண்டிருந்தேன். தெரியாத எண். எடுத்தால் கரகரப்புக் குரல்.

"வரவேண்டிய பொண்ணு வரலைன்னுட்டா. உங்களுக்கு முன்னால இருந்தவர் வேற இடத்துல சேர்ந்துட்டார். அதனால நீங்க. நாங்க ஆசைப்பட்டுத் தேடின ஆளுன்னு நினைச்சுக்காதீங்க."

"இல்லைங்க" என்றேன். துடைத்த தகட்டையே திரும்பத் துடைத்தேன்.

"ஜூலை ஒண்ணாம் தேதி வரணும். நாளைக்குள்ள பதில் சொல்லுங்க."

"வர்றேங்க." நாளை வரைக்கும் எதற்கு.

அவர் வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"உங்க மார்க்கைப் பார்த்து கமிட்டில ரெண்டு பேருக்கு இஷ்டமில்ல. எனக்கும் உங்க கடிதத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்னு தெரியல. பேராசிரியர்கள் எழுதற கடிதத்தை யார் எழுதறாங்கன்னு எனக்கும் தெரியும். அதனால போன வாரம் உங்க லேபுக்கு போன் பண்ணேன். சார் இல்லைன்னாங்க. எடுத்தது ஒரு பொண்ணு. உங்களோட சேர்ந்து எண்ணினவங்களாம்."

தகட்டைத் துடைப்பதை நிறுத்தினேன்.

"எப்படிப்பட்ட பொண்ணுன்னு கேட்டேன். 'எனக்கு ஒரு வருஷம் போனதே அவளாலதான்'னு சொன்னாங்க. சரி, முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அப்புறம் 'அவளை எடுத்துக்கோங்க'ன்னு சொல்லிட்டு வச்சிட்டாங்க."

நடையின் அந்தக் கோடியைப் பார்த்தேன்.

"இருபது வருஷமா சிபாரிசு கேட்டுட்டிருக்கேன். இந்த மாதிரி ஒண்ணு கேட்டதில்ல. ஜூலை ஒண்ணு. லேட்டா வராதீங்க" என்று வைத்துவிட்டார்.

தகட்டைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். கழிப்பறைக்குப் போய் அழலாம் என்றுகூடத் தோன்றவில்லை. அங்கேயே, வாளி பக்கத்தில். போன வாரம் என்றால் ஏழு நாள். ஏழு நாளும் அக்கா நடையில் எதிரே வந்தார். தட்டு, ஒட்டு, வெளிச்சம் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

இருபத்தெட்டாம் தேதி கிளம்புவதாகச் சாரிடம் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் சொன்னதும் அம்மா ஊசியை வாயில் வைத்தபடியே என்னைக் கட்டிக்கொண்டாள். குத்தியது. பரவாயில்லை.

ஜூன் 12

காலையில் முதல் வேலையாகச் சாமான் அறைக்குப் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். கதவு திறந்திருந்தது. அக்கா மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தார்.

"அக்கா."

"வெளிச்சத்தை மறைக்காதே."

நகர்ந்து நின்றேன். ஒத்திகை பார்த்தது ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. "இருபத்தெட்டாம் தேதி கிளம்பறேன்க்கா" என்றேன்.

"தெரியும். சார் சொன்னார்." தலையை நிமிர்த்தவில்லை. நோட்டில் ஒரு எண் எழுதினார், கையால் மறைத்துக்கொண்டு. "உன் பக்கம் எத்தனை மிச்சம்?"

"நூத்தி அம்பது."

"முடிச்சிட்டுப் போ."

"முடிச்சிட்டுத்தான் போவேன்."

"சரி, அந்த ஸ்டூலை உள்ள இழுத்துப் போட்டு உக்காரு. பத்து நிமிஷம் கண்ணுக்கு ஓய்வு கொடுக்கலாம்னு இருக்கேன்."

உட்கார்ந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். பத்து நிமிடம் கழித்து அவர் அடுத்த தகட்டை எடுத்தார், நான் என் அறைக்கு வந்தேன். இன்று பன்னிரண்டு கல்.